லூசியா: ஒரு பெயருக்குள் எத்தனை பொருள்?

டிசம்பர் பிறந்துவிட்டால் ஸ்வீடனில் ஒரு சொல் எல்லார் வாயிலும் புழங்கும்: லூசியா. "இந்த வருஷம் உங்க வகுப்புல யாரு லூசியா?" என்று பிள்ளைகளிடம் கேட்பார்கள். அங்கே அது ஒரு பெண். "லூசியாவுக்கு முன்னாடி முடிச்சுடலாம்" என்று அலுவலகத்தில் சொன்னால் அது ஒரு தேதி, டிசம்பர் 13. "தேவாலயத்துல லூசியா ஆறு மணிக்கு" என்றால் அது ஒரு நிகழ்ச்சி. இது போதாதென்று அதே பெயரிலிருந்து ஒரு ரொட்டியும், ஒரு வினைச்சொல்லும், பழைய நார்வேயில் ஊரை மிரட்டிய ஒரு பேயும் பிறந்திருக்கின்றன.

தலையில் எரியும் மெழுகுவத்திகளைக் கிரீடமாகச் சூடி, வெள்ளை அங்கியும் சிவப்பு இடைக்கச்சையுமாக நடந்து வரும் பெண்ணின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். அந்தப் படத்தின் கீழே பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: புனித லூசியாவின் திருநாள், ஒளித் திருவிழா. தவறில்லை. ஆனால் அந்த வரி ஒரு பெரிய கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறது. ஸ்வீடன் 16-ஆம் நூற்றாண்டிலேயே போப்பின் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகி, மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தத் திருச்சபையைத் தழுவிய லூத்தரன் நாடாகிவிட்டது. புனிதர்களிடம் மன்றாடும் வழக்கத்தை அந்தத் திருச்சபை கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட நாடு, எங்கோ தெற்கே சிசிலித் தீவில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கப் புனிதையை மட்டும் ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது? அந்தப் பெயரின் ஒவ்வொரு பொருளும் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

முதல் பொருள், ஆள். சிசிலியின் சைரக்யூஸ் நகரத்தில் வாழ்ந்த இளம்பெண் லூசியா. ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களை வதைத்த காலத்தில், கி.பி. 304-ல், கொல்லப்பட்டாள் என்பது மரபு. அவள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லப்படுகிற கதைகள் பல பின்னாளில் சேர்ந்தவை. சுரங்கக் கல்லறைகளில் ஒளிந்திருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள், இரண்டு கையிலும் உணவு இருந்ததால் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டாள் என்று ஸ்வீடன் பள்ளிகளில் சொல்லும் கதையும் அந்த வகைதான். ஆனால் அவளை மக்கள் மிகப் பழங்காலத்திலேயே வணங்கியதற்குக் கல்லில் சான்று உண்டு. சைரக்யூஸின் சான் ஜொவான்னி நிலவறைக் கல்லறையில் 1894-ல் ஒரு கிரேக்கக் கல்வெட்டு கிடைத்தது. ஏறக்குறைய கி.பி. 400-ஐ ஒட்டியது. ஒருவன் தன் மனைவி லூசியாவின் திருநாளன்று இறந்துபோனாள் என்று அதில் பொறித்து வைத்திருக்கிறான். ஒரு சாவின் தேதியைச் சொல்ல அந்தத் திருநாளே போதும் என்கிற அளவுக்கு அப்போதே அது ஊரறிந்த நாளாக இருந்திருக்கிறது.

லூசியா என்ற பெயருக்கு வேர், ஒளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லான லூக்ஸ். ஒளி என்றால் பார்வை. அதனால் அவள் கண்களுக்குக் காவலான புனிதை ஆனாள். ஒரு தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்பவளாக அவளை வரைவார்கள். கத்தோலிக்க உலகம் முழுவதும் இந்தப் பெயர் பரவிக் கிடக்கிறது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள பேராலயம் புனித லூசியாவுடையது. வெனிஸின் ரயில் நிலையத்துக்குச் சாந்தா லூசியா என்று பெயர், அந்த இடத்தில் நின்ற அவளுடைய கோயிலை 1861-ல் இடித்துவிட்டுத்தான் நிலையம் கட்டினார்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த செயின்ட் லூசியா தீவும் அவள் பெயரைத் தாங்கியதே. அங்கும் டிசம்பர் 13-தான் தேசிய நாள். சரி, இதெல்லாம் புனிதையின் பாதை. ஸ்காண்டிநேவியாவின் பாதை வேறு.

அங்கே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது ஓர் இரவோடு. இதைப் புரிந்துகொள்ள நாட்காட்டிக் கணக்கு கொஞ்சம் தேவை. விழாவின் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன என்பதால் இங்கே சற்று நின்று போகலாம்.

ஐரோப்பா நெடுங்காலம் ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அதில் ஓர் ஆண்டு என்பது 365 நாள் 6 மணி நேரம். உண்மையில் பருவங்கள் ஒரு சுற்று முடிக்க அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவாகவே ஆகிறது. ஆண்டுக்கு 11 நிமிடம் என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடும். அதனால் ஆண்டின் மிக நீண்ட இரவு நாட்காட்டியில் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது. 14-ஆம் நூற்றாண்டில் அது டிசம்பர் 13-ல் வந்து நின்றது. லூசியாவின் திருநாளும் அதே தேதி. வடக்கே இருட்டில் கிடந்த ஜனங்களுக்கு "லூசியா இரவு" என்றால் ஆண்டிலேயே நீளமான இரவு என்று பொருள் பதிந்தது அப்போதுதான்.

நமக்கு இது புதிய கதையல்ல. சூரியன் வடக்கே திரும்புவது உண்மையில் டிசம்பர் 21 அல்லது 22-ல். நாமோ தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன, பிறகு விலகிப்போயின. விலகியதற்கான காரணம் வேறு. ஆனால் வானம் நகர்ந்த பிறகும் ஜனங்கள் பழைய நாளை விடவில்லை என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

போப் 13-ஆம் கிரகோரி 1582-ல் நாட்காட்டியைத் திருத்தினார். போப் சொன்னதைச் சீர்திருத்தத் திருச்சபை நாடுகள் எளிதில் ஏற்குமா? டென்மார்க்கும் அதன் ஆட்சியிலிருந்த நார்வேயும் 1700-ல்தான் மாறின. ஸ்வீடன் 1753 வரை இழுத்தடித்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 17-க்கு அடுத்த நாள் மார்ச் 1. நடுவில் 11 நாட்கள் ஒரேயடியாக இல்லாமல் போயின. மிக நீண்ட இரவு இன்றைய இடத்துக்கு, டிசம்பர் 21-ஐ ஒட்டி, வந்து சேர்ந்தது. மாற்றத்துக்குச் சற்று முன்பே அது டிசம்பர் 10 வாக்கில் விழத் தொடங்கியிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அதாவது கணக்குப்படி பார்த்தால் 13-ஆம் தேதி பல தலைமுறைக்கு முன்பே அந்தத் தகுதியை இழந்துவிட்டது. ஊர் வழக்கில் மட்டும் அது "நீள இரவு" ஆகவே நீடித்தது.

அந்த நீள இரவின் நினைவுகள் இனிமையானவை அல்ல. நார்வேயில் லுஸ்ஸி என்று ஒரு பெண் பேய் இருந்தாள். அந்த இரவில் தன் கூட்டத்தோடு வானத்தில் பறந்து வருவாள். தானியம் அடித்து முடித்தாயிற்றா, நூல் நூற்று முடித்தாயிற்றா, கிறிஸ்துமஸுக்கான வேலைகள் ஆயிற்றா என்று வீடு வீடாகப் பார்ப்பாள். முடியாத வீட்டின் புகைக்கூண்டு வழியாக இறங்கி வந்துவிடுவாள். அந்த இரவிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வெளியில் தனியாகப் போகப் பயந்தார்கள். ஸ்வீடனில் அன்றிரவு தொழுவத்து மாடுகள் பேசும் என்று நம்பினார்கள். இரவு அவ்வளவு நீளம் என்பதால் கால்நடைகளுக்குக் கூடுதலாகத் தீனி வைத்தார்கள். லூசியாவை ஆதாமின் முதல் மனைவி என்றும், மண்ணுக்கடியில் வாழும் பூதகணங்களின் தாய் என்றும் சொல்லும் கதைகள் கூட உண்டு. லூசியா, லுஸ்ஸி, சாத்தானின் பெயரான லூசிஃபர் எல்லாம் காதில் ஒரே மாதிரி விழுந்ததால் பேய்க்கும் புனிதைக்கும் நடுவே கோடு அழிந்துபோயிருக்கலாம்.

எனக்கு இந்த விழாவில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பயத்துக்குரிய இரவின் பெயர் வெளிச்சத்துக்குரிய பெயராக இருந்தது. இருட்டும் ஒளியும் ஒரே சொல்லில் முதலிலிருந்தே சேர்ந்து கிடந்தன.

வெள்ளை உடைப் பெண் வந்தது இதற்கெல்லாம் பிறகு. மேற்கு ஸ்வீடனின் வெஸ்தர்யோத்லாந்து வட்டாரத்தில் பெரிய பண்ணை வீடுகளில் லூசியா நாளன்று விடியுமுன்பே விருந்து நடக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய பழைய நோன்புக் காலம் தொடங்குமுன் வயிறாரச் சாப்பிட்டுவிடும் வழக்கத்தின் மிச்சம் அது. தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டாரை, வெள்ளை உடுத்த ஒரு பெண் விளக்கோடு வந்து எழுப்பி, சாப்பாடும் பானமும் தருவாள். அப்படிப்பட்ட ஒரு லூசியாவைப் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்பு 1764-ஐச் சேர்ந்தது. மெழுகுவத்திக் கிரீடம் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் குழந்தை இயேசுவின் வேடத்தில் ஒரு சிறுமி வெள்ளை உடையும் மெழுகுவத்தி முடியுமாகப் பரிசு கொண்டுவரும் வழக்கம் இருந்தது. அங்கிருந்துதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர். ஆக, இந்த லூசியாவின் உடையும் கூட சிசிலியிலிருந்து வரவில்லை. இடைக்கச்சையின் சிவப்பை மட்டும் புனிதை சிந்திய ரத்தம் என்று விளக்குவார்கள்.

ஒரு வட்டாரப் பழக்கம் நாட்டுப் பழக்கமானதில் நகரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்டாக்ஹோல்மில் 1891-ல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. அழிந்துவரும் கிராம வாழ்க்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கியது அது. அங்கே 1893-ல் லூசியா விழா நடந்தது. 1927-ல் ஸ்டாக்ஹோல்ம் நாளிதழ் ஒன்று தலைநகரத்துக்கான லூசியாவைத் தேர்ந்தெடுக்கப் போட்டி நடத்தியது. மற்ற ஊர்ப் பத்திரிகைகளும் அதைப் பிடித்துக்கொண்டன. பள்ளி, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், அலுவலகம் என்று எங்கும் ஒரு லூசியா என்ற நிலை அதற்குப் பிறகு வந்ததே. நோபெல் பரிசு வாங்க டிசம்பர் 10-க்கு ஸ்டாக்ஹோல்ம் வருபவர்கள் 13 வரை தங்கினால், அவர்களையும் கிராண்ட் ஹோட்டல் அறையில் பாடி எழுப்புவது வழக்கம்.

பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்வலத்தில் எல்லாரும் பாடும் மெட்டு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தது. 1849-ல் அச்சான படகோட்டிப் பாட்டு. அதில் வரும் சாந்தா லூசியா என்பது புனிதையே அல்ல, நேப்பிள்ஸ் கடற்கரையில் அந்தப் பெயர் கொண்ட ஒரு பகுதி. காற்று இதமாக இருக்கிறது, படகில் ஏறுங்கள் என்று அழைக்கும் பாட்டு. ஸ்வீடன்காரர்கள் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, குளிர்கால இரவையும் ஒளியையும் பற்றிச் சொந்தமாக வரிகள் எழுதிக்கொண்டார்கள். பெயர் பொருந்தியது, அது போதுமாக இருந்தது.

இனி அந்த ஊர்வலத்தை அருகில் போய்ப் பார்ப்போம். டிசம்பர் நடுவில் ஸ்டாக்ஹோல்மில் பகல் சுமார் ஆறு மணி நேரம்தான். சூரியன் எட்டரை மணிக்கு மேல் எழுந்து மூன்று மணிக்குள் மறைந்துவிடும். வடகோடிக் கிரூனாவில் சில வாரங்களுக்குச் சூரியன் எழுவதே இல்லை. காலை ஏழு மணி என்பது அங்கே நள்ளிரவு போலத்தான். கூடத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். யாரும் பேசமாட்டார்கள். முதலில் தூரத்து நடையிலிருந்து குரல்கள் மட்டும் கேட்கும். பிறகு சுவரில் மஞ்சள் வெளிச்சம் ஊரும். அப்புறம்தான் லூசியா கண்ணில் படுவாள். கழுத்தை அசைக்காமல், கண்ணை மட்டும் முன்னே வைத்து, மெல்ல அடியெடுத்து வருவாள். தலையில் எரிவது உண்மையான நெருப்பு, சற்றுக் குனிந்தாலும் உருகிய மெழுகு முடியில் வழியும். அதனால் கிரீடத்துக்கு அடியில் ஈரத்துணி வைத்துக் கட்டுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது பேட்டரி விளக்குக் கிரீடம்தான்.

அவள் பின்னால் கையில் ஒற்றை மெழுகுவத்தியோடு வெள்ளையுடைத் தோழிகள். தலையிலும் இடையிலும் ஜிகினாச் சரிகை சுற்றியிருப்பார்கள். அடுத்து, தங்க நட்சத்திரம் ஒட்டிய கூம்புத் தொப்பியும் கையில் நட்சத்திரக் கோலுமாகப் பையன்கள். இந்த நட்சத்திரப் பையன்கள் வேறொரு பழைய பண்டிகையிலிருந்து வந்தவர்கள். கிழக்கிலிருந்து ஞானிகள் வந்த கதையை வீடு வீடாகப் பாடிப்போனவர்களின் வாரிசுகள். சிறுவர்களில் சிலர் சிவப்புத் தொப்பிக் குட்டிப்பூதமாகவோ இஞ்சி பிஸ்கட் பொம்மையாகவோ வேடம் போட்டிருப்பார்கள். பாடி முடித்து, வந்த வழியே பாடிக்கொண்டே போவார்கள். குரல் தேயும் வரை விளக்கைப் போடமாட்டார்கள்.

போட்ட பிறகு காப்பியும் லுஸ்ஸேகத்தும். லூசியாவின் பெயர் ஏறிய குங்குமப்பூ ரொட்டி இது. கத் என்றால் பூனை. ஏன் பூனை என்பதற்குச் சாத்தான் பூனை உருவில் வந்தான் என்று தொடங்கிப் பல கதைகள் சொல்வார்கள், எதுவும் உறுதியில்லை. செய்முறை எளிது. குங்குமப்பூவைக் கொஞ்சம் சர்க்கரையோடு சிறு உரலில் இட்டு நுணுக்கினால் நிறம் நன்றாக இறங்கும். ஸ்வீடன் கடைகளில் அது அரை கிராம் பொட்டலமாகக் கிடைக்கும். வெதுவெதுப்பான பால், உருக்கிய வெண்ணெய், ஈஸ்ட், சர்க்கரை, மைதா சேர்த்துப் பிசைந்து பொங்க விட வேண்டும். மாவைக் கயிறு போல் உருட்டி, ஒரு முனையை ஒரு பக்கமும் மறுமுனையை எதிர்ப்பக்கமும் சுருட்டினால் இரட்டைச் சுருள் வரும். ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஓர் உலர் திராட்சையை ஆழமாக அழுத்த வேண்டும். மேலாக அழுத்தினால் அடுப்பில் மாவு உப்பும்போது திராட்சை துள்ளி வெளியே விழுந்துவிடும். முட்டை பூசி, சூடான அடுப்பில் சில நிமிடமே வேகவைக்க வேண்டும். இந்த ரொட்டி சீக்கிரம் வறண்டுவிடும், அதனால் சிலர் மாவில் தயிர்ப்பாலாடை சேர்ப்பார்கள். அன்றைக்குச் சுட்டதை அன்றைக்கே தின்பது உத்தமம்.

வினைச்சொல்லையும் சொல்லிவிடுகிறேன். லுஸ்ஸா என்றால் லூசியாவாகப் போய்ப் பாடுவது. "நாளைக்கு டீச்சர் வீட்டுக்குப் போய் லுஸ்ஸா பண்ணலாம்" என்கிற மாதிரி. இரவு முழுக்கத் தூங்காமல் விழித்திருப்பதற்கு லுஸ்ஸேவாகா என்று பெயர். பேய்க்குப் பயந்து விழித்திருந்த பழைய காவலின் மிச்சம் அது. இன்றைய இளசுகள் அதைக் கூடிக் கொண்டாடும் சாக்காக ஆக்கிக்கொண்டார்கள்.

ஸ்வீடனுக்கு வெளியே ஒவ்வொரு நாட்டிலும் இந்தப் பெயருக்கு வேறு நிறம். பின்லாந்தில் இது ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மையினரின் விழா. ஆண்டுதோறும் ஹெல்சின்கி பேராலயத்தில் அவர்களுடைய லூசியாவுக்கு முடிசூட்டுவார்கள். டென்மார்க்குக்கு இது வந்தது 1944-ல், நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தபோது. எதிர்ப்பை வாய்விட்டுச் சொல்ல முடியாத காலத்தில் இருட்டில் விளக்கேந்திப் போனதன் பொருள் எல்லாருக்கும் புரிந்தது. நார்வேயில் இன்று இது பெரும்பாலும் பிள்ளைகளின் விழா. ஆஸ்லோவில் பாலர் பள்ளிக்குக் குழந்தையை அனுப்பும் ஈழத்தமிழ்ப் பெற்றோர் பலருக்கு லூசியா என்றால் காலையிலேயே வெள்ளைச் சட்டை தேடி எடுத்து வைக்கும் நாள். லுஸ்ஸி பேயை அங்கே இப்போது யாரும் நினைத்துக்கொண்டு படுப்பதில்லை.

யார் லூசியா ஆகலாம் என்பதிலும் மாற்றம் வந்திருக்கிறது. நீளமான பொன்னிற முடி இருந்தால்தான் லூசியா என்று ஒரு காலத்தில் எழுதாத விதி இருந்தது. அழகுப் போட்டி போல வாக்கெடுப்பு நடத்துவதைப் பள்ளிகள் பல விட்டுவிட்டன, சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். பையன்கள் லூசியாவாக வரலாமா என்ற வாதம் டிசம்பர்தோறும் எழும். 1764-ல் பண்ணை வீட்டில் விளக்கேந்தி வந்தவளுக்கும், அதற்கு முன் புகைக்கூண்டில் இறங்கியவளுக்கும், 304-ல் உயிர்விட்டவளுக்கும் ஒரே பெயர்தான் என்னும்போது, இன்னொரு உருவத்தையும் அந்தப் பெயர் தாங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிசிலியில் என்ன நடக்கிறது? அங்கே டிசம்பர் 13-ல் மெழுகுவத்திக் கிரீடம் கிடையாது. சைரக்யூஸில் புனிதையின் வெள்ளிச் சிலையைத் தோளில் சுமந்து ஊர்வலம் போவார்கள். சிசிலியில் பலர் அன்றைக்கு ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். பஞ்ச காலத்தில் தானியக் கப்பல் வந்தபோது மாவாக அரைக்கவும் பொறுமையின்றி அப்படியே அவித்துத் தின்றார்களாம், அந்த நினைவாக அவித்த கோதுமையில் செய்த குச்சியா என்ற பண்டம் உண்பார்கள். எட்டாம் நாள், டிசம்பர் 20-ல், சிலை பேராலயத்துக்குத் திரும்பும். அந்த ஊர்வலத்துக்கு ஸ்வீடனிலிருந்து ஒரு லூசியாவை வரவழைப்பது அந்த ஊரின் வழக்கமாகிவிட்டது. வெள்ளிச் சிலையோடு, வெள்ளை அங்கியும் விளக்குக் கிரீடமுமாக வடக்கத்திப் பெண்ணும் சைரக்யூஸ் தெருக்களில் நடந்துபோவாள்.